அருணாதேவி நீக்கிய இருநூற்று ஐம்பத்தாறு எண்கள்

வேங்கிக்காலில் அர்ஜுனன் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதலில் குனிய வேண்டும். சாமி கும்பிட இல்லை. ஹாலின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் ஒரு நீலக் கேபிள் போகிறது. ஊரே காற்றில் இணையம் பிடிக்கிற காலத்தில் இந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் மட்டும் முளையில் கட்டிய மாடு மாதிரி கேபிளில் நிற்கின்றன. வைஃபை வாங்க வக்கில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெட்டி இருக்கிறது. அதன்மேல் பாகல் விதை காய்கிறது. வீட்டுக்காரம்மா அருணாதேவி அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்க மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால் சொல்வார். முக்கால் மணி நேரம் ஆகும்.

நமக்கு நேரம் கம்மி, அதனால் சுருக்கமாக. கம்ப்யூட்டருக்கு நடுவில் கெர்னல் என்று ஒன்று உண்டு. திரை, பிரிண்டர், வைஃபை எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான். அருணாதேவி பயன்படுத்தும் கெர்னலை உலகத்தில் யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அப்படித்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குள்ளேயே கம்பெனிக்காரர்கள் அங்கங்கே பொட்டலங்களைச் செருகியிருக்கிறார்கள், அல்லது வெளியிலிருந்து கூட்டி வரச்சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபர்ம்வேர் என்று பெயர். வைஃபைக்கும் இப்படி ஒன்று வேண்டும். பிரித்தால் எண்கள், எண்களுக்குப் பின்னால் மேலும் எண்கள். சில்லுக்குள் போய் அவை என்ன செய்கின்றன என்பது செய்த கம்பெனிக்கு மட்டும் தெரியும். எல்லா அறையும் திறந்திருக்கிற வீட்டில் ஒரு அறையை மட்டும் பூட்டிச் சாவியை வேறொருவன் வைத்திருந்தால், அந்த வீட்டில் எப்படி நிம்மதியாக இருப்பது? இதுதான் அருணாதேவியின் கேள்வி. பொட்டலங்களை எடுத்துவிட்டுச் சுத்தமான கெர்னலை வெளியிடும் குழு ஒன்று உண்டு. பல நாட்டு ஆட்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஒன்பது வருஷமாக அருணாதேவி அதில் ஒருவர்.

நாற்பத்துமூன்று வயது. பகலில் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர், மனுக்களை ஏற்றுகிற வேலை. அங்கே அவரிடம் கேட்கப்படும் ஒரே தொழில்நுட்பக் கேள்வி, பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்பது. காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் அவர் வேறு ஆள். ஸ்கிரிப்ட் என்று அவர் எழுதி வைத்திருக்கும் குட்டி நிரல் கெர்னலின் கோடிக்கணக்கான வரிகளில் நீளநீளமான எண் வரிசைகளைத் தேடிப் பிடித்து வந்து முன்னால் போடும். ஸ்கிரிப்டுக்குப் புத்தி கிடையாது. எண் வரிசை நல்லதாகவும் இருக்கலாம், யாரோ கணக்குப் போட்டு எழுதிய அட்டவணையாக. ஆகவே ஒரு மனுஷி உட்கார்ந்து, வை, நீக்கு என்று சொல்ல வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி என்று எழுதக் கை வருகிறது. ஆனால் கல்லைப் பல் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அந்த வசதி இல்லை.

அருணாதேவி பார்த்துவிட்டார் என்றால் குழுவில் யாரும் மறுபடி பார்ப்பதில்லை. எங்கேயோ இருக்கிற முன்பின் தெரியாத ஜனங்கள் அந்த ஒரு வார்த்தையை நம்பித் தங்கள் கம்ப்யூட்டரைத் திறக்கிறார்கள். ஒன்பது வருஷத்தில் அவர் சம்பாதித்தது அந்த நம்பிக்கை ஒன்றைத்தான்.

கணவர் அர்ஜுனன் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவர். அவர் கருத்து வேறு. "சுத்தம் செஞ்சா அப்புறம் வேலை செய்யணும்ல அருணா? நீ சுத்தம் செஞ்சா அது வேலையை விட்டுட்டே போயிடுது."

பங்குனியில் வந்தது வம்பு. சகாதேவ் என்ற பெயரில் குழுவுக்கு ஆங்கிலத்தில் ஒரு மெயில். அன்புள்ள ஐயா, உங்கள் கெர்னலின் புதிய பதிப்பைப் போட்டதும் என் ஈரப்பதமானி ஊமையாகிவிட்டது. மல்லாட்டையின், அதாவது வேர்க்கடலையின், ஈரத்தை அளக்கும் கருவி அது. அதற்காகக் கெர்னலில் நான் எழுதிச் சேர்த்த நிரலில் வைத்திருந்த இருநூற்று ஐம்பத்தாறு எண்களைக் காணவில்லை. அந்த இடத்தில், பூட்டிய பொருள், நீக்கப்பட்டது, ஏ. தேவி என்று எழுதியிருக்கிறது. அது பொட்டலம் இல்லை ஐயா, நானே அளந்தது. அறுவடை நடக்கிறது, தயவுசெய்து திருப்பி வையுங்கள்.

அருணாதேவி பதில் போட்டார். அன்புள்ள ஐயா, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் சொல்கிறது. ஆதாரம் தேவை.

நான் கம்பெனி இல்லை, வாத்தியார்.

ஆதாரம் தேவை.

இப்படி இரண்டு வாரம், ஒன்பது மெயில். ஒவ்வொன்றிலும் ஆங்கிலம் இறுகிக்கொண்டே போனது. ஏழாவதில் 'மரியாதையுடன்' காணாமல் போனது. பத்தாவது மெயிலில் சகாதேவ் ஒரு தகவல் சேர்த்திருந்தார்: நாளை முதல் இரண்டு நாள் என் பதில் தாமதமாகும், பௌர்ணமி வருகிறது, இங்குள்ள பஸ்ஸெல்லாம் கிரிவலத்துக்குப் போய்விடும், நெட் இருக்கும் கல்லூரிக்கு நான் போக முடியாது.

அருணாதேவி அதை இரண்டு முறை படித்தார். பௌர்ணமிக்குப் பஸ் காணாமல் போகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

"சார், நீங்க எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார்.

"கீழ்பென்னாத்தூர். நீங்க?"

"வேங்கிக்கால்."

இரண்டு நாள் தாமதமாகும் என்றவர், பஸ் இல்லாத அந்தப் பௌர்ணமியன்றே எப்படியோ நெட் பிடித்துவிட்டார். ஒரு வரி வந்தது. "நீங்க சாரா, மேடமா?"

மொத்தம் இருபது கிலோமீட்டர் சொச்சம். இவ்வளவு தூரத்துக்கு இரண்டு பேரும் அடுத்த கண்டத்துச் சர்வர் வழியாகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அருணாதேவி பஸ்ஸேறினார். மனசுக்குள் தீர்ப்பு தயார். ஆதாரம் இல்லையென்று நேரில் பார்த்துச் சொல்லிவிட்டு வருவது. தான் தப்பு செய்திருக்கலாம் என்ற எண்ணம் வராமலில்லை. வந்தது, ஜன்னலோரம் உட்கார்ந்தது, அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

மெயிலில்தான் சகாதேவ், ஊரில் சகாதேவன். கதவைத் திறந்தவர் அவர் மனைவி சரோஜா. பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறவர். "வாங்க வாங்க. நீங்கதான் அந்த தேவி சாரா? ரெண்டு வாரமா இந்த மனுஷன் சாப்பாட்டுல உப்பு கூடப் பார்க்கல."

சகாதேவன் ஐம்பது தாண்டியவர், மெலிந்த ஆள், எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறவர். வாதம் எதுவும் செய்யவில்லை. மூன்று நீள நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மூன்று போகம். ஒவ்வொரு வரியிலும் காயின் எடை, ஓவனில் உலர்த்திய பிறகு எடை, தேதி, யார் வயல், கருவி காட்டிய மின் அளவு.

"ஓவன்?" என்றார் அருணாதேவி.

"என் கேக் ஓவன்தான்," என்றார் சரோஜா. "மூணு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் மல்லாட்டை வாசனையில பிறந்தநாள் கொண்டாடிச்சு."

"வியாபாரி இன்னா பண்றான் மேடம்," சகாதேவன் மெதுவாகச் சொன்னார், "நாலு காயை எடுத்துக் காதுகிட்ட குலுக்குறான். ஈரம்ன்றான். மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிடறான். நம்மாளு கையில ஒரு கருவி இருந்தா திருப்பிக் கேக்கலாம். ஆறு கிராமத்துல குடுத்திருக்கேன். இப்ப ஆறும் ஊமை."

அருணாதேவி பையிலிருந்து தான் நீக்கிய எண்களின் தாளை எடுத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினேழு எண்களைத் தொட்டு, நோட்டில் தேடினார். பதினேழும் இருந்தன. ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் 'பொன்னி வயல், எலி கடித்த மூட்டை' என்றுகூட இருந்தது. எந்தக் கம்பெனியும் எலியைக் குறித்து வைக்காது. தயாராக இருந்த தீர்ப்பு கையை விட்டுப் போயிற்று.

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே பதினாறு எண்கள் வெறுமனே நின்றன.

"இதுக்கெல்லாம் எடை எழுதலையே சார்."

சகாதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அது காய வெச்ச அப்புறம் மழையில நனைஞ்ச காய் மேடம். நான் அளந்த மூணு போகமும் கோடை. மழையே இல்ல. ஒரு வியாபாரிகிட்ட கம்பெனி மெஷின் இருந்தது. அது காட்டினதை எழுதிக்கிட்டேன்."

"அந்த மெஷின் எப்படிக் கணக்குப் பண்ணுதுனு..."

"தெரியாது."

அந்த நொடியில் அருணாதேவிக்குச் சந்தோஷம் வந்தது என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். வந்தது சந்தோஷம்தான். சின்ன, கொஞ்சம் அசிங்கமான சந்தோஷம். அரை நிமிஷம் இருந்தது.

சகாதேவன்தான் அதைக் கெடுத்தார், அதுவும் வியப்போடு கேட்டு. "இருநூத்தி ஐம்பத்தாறுல இந்தப் பதினாறு சரியில்லைனு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

பொய் சொல்ல நல்ல இடம். கேட்கிறவரே வழி விட்டிருந்தார்.

"கண்டுபுடிக்கல சார். பார்க்கப் பொட்டலம் மாதிரி இருந்தது. நீக்கிட்டேன்."

"படிச்சுப் பார்க்கலையா?"

"இல்ல."

"ஃபைல் மேல என் பேரு, மெயில் எல்லாம் இருந்ததே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"மேல போய்ப் பார்க்கல சார்."

சரோஜா டம்ளரை நகர்த்தி வைத்தார். "அவரு அளக்கல, நீங்க படிக்கல. சரியாப் போச்சு. காபி ஆறுது, குடிங்க."

காபிக்குப் பிறகு பேசி முடித்தது இது. இருநூற்று நாற்பது எண்கள் திரும்ப உள்ளே போகும், எப்படி அளந்தது என்ற விவரத்தோடு. பதினாறு வெளியே நிற்கும். நனைந்த காயைப் போட்டால் கருவி 'தெரியாது' என்று சொல்லும். ஐப்பசி மழை வந்ததும் சகாதேவன் அளந்து கொடுக்க வேண்டும்.

"தெரியாதுன்னு சொல்ற மெஷினை எவன் மேடம் மதிப்பான்?"

"தெரியும் தெரியும்னு சொல்றவங்களாலதானே சார் நாம இங்க உக்காந்திருக்கோம்," என்றார் அருணாதேவி. வியாபாரியைச் சொன்னாரா, தன்னையா என்று சகாதேவன் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் பட்டியலைத் திறந்தார். ஒன்பது வருஷத்தில் அவர் கையால் நீக்கியவை, முந்நூற்றுப் பதினொன்று. பேனருக்கு எழுத்து தேடிக்கொண்டிருந்த அர்ஜுனன் கேபிளுக்குக் கீழே குனிந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா இது, வெறும் ஃபைல் பேரும் நம்பருமா இருக்கு? ஏன் எடுத்தேன்னு எங்க?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மட்டுமா?"

அர்ஜுனன் பெரிய ஞானத்தில் கேட்கவில்லை. அவர் தேடியது கல்யாணப் பேனருக்கு வளைந்த எழுத்து. கேட்டுவிட்டுப் போய்விட்டார். அருணாதேவி மட்டும் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீளநீளமான எண்கள், யாருக்கும் விளங்காதவை, உள்ளே என்ன நடந்ததென்று செய்தவருக்கு மட்டும் தெரிந்தவை. இதே பட்டியல் கெர்னலுக்குள் கிடந்திருந்தால் ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்கமாட்டார். அதைவிடச் சங்கடம், பாதிக்கு மேல் காரணம் இப்போது அவருக்கே ஞாபகமில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழுவுக்கு எழுதினார். நல்ல அட்டவணையைப் படிக்காமல் நீக்கினேன். எழுதியவரைக் கேட்கவில்லை. இதுவரை நான் நீக்கிய எல்லாவற்றுக்கும் காரணம் எழுதப் போகிறேன். இனி என் வார்த்தையை மட்டும் நம்பி எதையும் வெளியிட வேண்டாம், இன்னொருவரும் பார்க்க வேண்டும். யாராவது முன்வாருங்கள். எழுதிவிட்டு, அனுப்புவதற்கு முன் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒன்பது வருஷச் சம்பாத்தியம் அந்த ஒரு பொத்தானில் போகப் போகிறது.

பூகம்பம் எதிர்பார்த்தார். மூன்று பதில் வந்தது. ஒருவர் சரி என்றார். ஒருவர் மெயிலில் ஒரு எழுத்துப் பிழையைக் காட்டினார். ஒருவர் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார். முன்வந்தவர் எவரும் இல்லை. ஊழியம் செய்கிறவரைப் பாராட்ட ஆள் கிடைப்பார்கள், மேற்பார்க்கத்தான் கிடைக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை ஒரு போன். "மேடம், நான் பார்க்கட்டுமா?" என்றார் சகாதேவன். "எனக்கு உங்க மேல கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. அது இதுக்கு உதவும்."

அருணாதேவி முதல் நாற்பதுக்குக் காரணம் எழுதி அனுப்பினார். பத்து நாள் காலைகள் அதற்கே போயின. எழுத முடியாத இடத்தில், ஞாபகமில்லை என்றே எழுதினார். சகாதேவனின் பதில் இரண்டே வரி. முப்பத்தேழு சரி. மூன்றுக்குக் காரணம் போதாது.

"என்ன ஆளு இவரு, இவ்வளவு கறாரா இருக்காரு," என்று வாய்விட்டுச் சொன்னார் அருணாதேவி. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, அந்த மூன்றில் முதலாவதைத் திறந்தார். எண்கள் இருந்த இடத்திலிருந்து மேலே, மேலே, கோப்பின் உச்சிக்குப் போனார். அங்கே ஒரு பெயர் இருந்தது, வாயில் நுழையாத ஏதோ தேசத்துப் பெயர். கீழே முகவரி.

மணி ஆறே கால். ஆபீஸுக்கு நேரமிருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எழுதத் தொடங்கினார்: வணக்கம், இந்த எண்களை நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?