குளத்தில் இருக்கிற தண்ணீர்

ஒரு பெண் தன் வாழ்நாளுக்கான முட்டைகள் முழுவதையும் சூலகத்தில் வைத்துக்கொண்டுதான் பிறக்கிறாள் என்று உயர்தர வகுப்பில் பன்னிரண்டு வருடமாகப் படிப்பித்து வந்தவள் நான். புதிதாக ஒன்றும் உண்டாகாது, வயது போகப் போகக் குறைந்துகொண்டே வரும் என்று கரும்பலகையில் கீழிறங்கும் கோடொன்றைக் கீறிக் காட்டுவேன். அந்தக் கோட்டின் அடியில் நானே நிற்கிறேன் என்று வவுனியாவில் ஒரு பெண் வைத்தியர் சொன்னபோது எனக்கு வயது முப்பத்தேழு. முட்டைகள் முடியப்போகின்றன, ஆய்வுகூடத்தில் கருக்கட்டிப் பிள்ளைக்கு முயல்வதென்றால் இந்த வருடமே கொழும்புக்குப் போங்கள், பிந்தினால் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார் அவர். எங்கள் ஊர் பூவரசங்குளத்துக்குக் கணவரின் மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, மிச்சமிருக்கிற மாதங்களை விரலில் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அவர் வயல் செய்கிறவர், எங்கள் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்யும் கமக்காரர்களின் அமைப்புக்குச் செயலாளரும் அவர்தான். அடுத்த கிழமை கனடாவில் இருக்கிற மச்சான் அவருடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அதை வாசித்துவிட்டு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கே ஓடி வந்தார்.

"இஞ்ச பாருமப்பா, வளந்த பொம்பிளைக்கும் முட்டை புதிசா உண்டாகுமாம். அதுக்கெண்டு சூலகத்தில ஒரு வகை உயிர்க்கலம் இருக்காம். மருந்து வந்திடும். ரெண்டு வருசம் பொறுப்பம், என்ன அவசரம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கே பாடம் எடுக்கிறாரா என்று ஆத்திரம். ஆனால் மறைப்பானேன், அவர் படுத்த பிறகு அந்தச் செய்தியைத் தேடி எடுத்து நானும் வாசித்தேன். மூன்று நாள் வாசித்தேன். ஆசை யாரை விட்டது!

விஷயம் இதுதான். சுண்டெலியின் சூலகத்தில் முட்டையை உண்டாக்கும் மூலவுயிர்க் கலங்கள் இருக்கின்றன என்று ஒரு பகுதி ஆய்வாளர்கள் சொன்னார்கள். பிறகு பெண்களின் சூலகத்திலும் கண்டோம் என்றார்கள். மற்றப் பகுதியினர் தாங்களும் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் அகப்படவில்லை, நீங்கள் பிரித்தெடுத்தவை இரத்தக் குழாயை ஒட்டிக் கிடக்கிற வேறு கலங்கள் என்றார்கள். சண்டை இன்றுவரை தீரவில்லை. தீர்ந்தாலும், அந்தக் கலத்திலிருந்து ஒரு பிள்ளை பிறக்க எத்தனை காலம் செல்லுமென்று ஒருவருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கணவருக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லையெண்டு ஒருத்தரும் முடிவாச் சொல்லேல்லைத்தானே?" என்றார். அது உண்மைதான். புட்டைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் டக்கென்று வைத்தேன். மாதம் இரண்டு அப்படியே போய்விட்டது. எனக்குப் பயம். ஒவ்வொரு மாதமும் இன்னும் குறைகிறது என்கிற பயம்.

வெயில் காலத்து விதைப்பான சிறுபோகத்துக்குக் கூட்டம் வந்தது. காணி என் சீதனம், ஆகையால் ஒப்பம் வைக்க நானும் போகவேண்டும். பொதுமண்டபத்தில் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். குளத்தில் ஏழடித் தண்ணீர் என்று கணவர் வாசித்தார். அது வயலில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும். மழை வரப்போகிறதென்று போனில் போட்டிருக்கிறது, முழுக்க விதைப்போம் என்று நாலைந்து பேர் சத்தம் போட்டார்கள். வராதென்று உம்மால் சொல்ல முடியுமா என்று ஒருவர் மடக்கினார்.

கணவர் எழும்பினார். "வராதெண்டு நான் சொல்லேல்லை. வந்தாச் சந்தோசம். ஆனா வருமெண்டுற மழைக்கு விதைக்க விடமாட்டன். குளத்தில இருக்கிற தண்ணிக்குத்தான் விதைப்பு."

வருடா வருடம் அவர் சொல்கிற கதைதான். சொல்லி முடித்துவிட்டுச் சபையைப் பார்த்தவர் என்னையும் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அடுத்த விஷயத்தை வாசிக்கும்படி தலைவர் இரண்டு தரம் சொல்லவேண்டி வந்தது.

திரும்பி வரும்போது குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டினார். பின்னால் திரும்பாமலே, "கொழும்புக்கு எப்ப போகவேணும்?" என்று கேட்டார். அவருடைய முதுகில் முகத்தை வைத்து அழுதேன்.

கொழும்பில் மூன்று முட்டைகள்தான் கிடைத்தன. ஒன்று தங்கியது. அதற்கு இப்போது நாலு வயது, விதைநெல் மூட்டைக்கு மேலே ஏறி நின்று எங்கள் இரண்டு பேரையும் அதிகாரம் பண்ணுகிறாள்.

வகுப்பில் அந்தக் கோட்டை இப்போதும் கீறுகிறேன். சோதனைக்கு இதை எழுதுங்கள், ஆனால் இதில் சண்டை இருக்கிறது என்பதையும் அறிந்து வையுங்கள் என்கிறேன். இருக்கு என்கிற பகுதிதான் வெல்லவேண்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஆசை. என்னைப்போல எத்தனை பேர் இருக்கிறார்கள்.

போன கிழமை மகளைத் தோளில் போட்டு நித்திரையாக்கிக்கொண்டு கணவர் கேட்டார், அந்தச் சண்டை முடிந்துவிட்டதா என்று. இன்னும் இல்லை என்றேன்.

"ஆறுதலாச் சண்டை பிடிச்சு முடிக்கட்டும்," என்றார், பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு. "எங்களுக்கென்ன அவசரம்."

இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.