தாதர் பிளாட்பாரத்தில் அக்கா

மெட்ராஸ் மெயில் தாதரில் நிற்கிறது. தாடி முளைத்து, கரிப்புகை படிந்த முகத்தோடு இறங்குகிறேன். பையில் மாற்று வேட்டியும் ஒரு கட்டுத் தர்ப்பையும் இருக்கின்றன. காரியத்துக்குப் பம்பாயில் தர்ப்பை கிடைக்குமோ என்னவோ என்று சித்தப்பா திணித்துவிட்டது. மாட்டுங்காவில் இருக்கும் அத்திம்பேர் அடித்த தந்தியில் இரண்டே வார்த்தைகள்: "ஸ்டார்ட் இம்மீடியட்லி." எங்கள் ஊருக்கு அந்த வார்த்தை சாவுக்குத்தான் வரும். அக்கா போய்விட்டாள் என்று வீடே அழுதது.

கூட்டத்துக்கு நடுவில் அத்திம்பேர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் காப்பிச் செம்போடு அக்கா. அக்காவேதான்.

"நாளைக்கு எங்க ஆபீஸ்ல உனக்கு இன்டர்வியூடா," என்கிறார் அத்திம்பேர்.

"அதையும் சேர்த்து எழுதப்படாதா, அத்திம்பேர்?"

"எல்லாக் கடுதாசிலயும் இம்மீடியட்லி போட்டுப் போட்டுப் பழகிப்போச்சு. ஆபீஸ்ல அதுக்கு ஒருத்தரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டா."

பையைத் திறந்து தர்ப்பைக் கட்டைக் காட்டுகிறேன். அவர் சிரிப்பு நின்றுவிடுகிறது.

"அம்மா?" என்கிறாள் அக்கா.

மூவரும் தந்தி ஜன்னலுக்கு ஓடுகிறோம். அத்திம்பேர் "ஆல் வெல்" என்று எழுதி, கீழே தன் பெயரைப் போடப்போகிறார். அக்கா பேனாவைப் பிடுங்குகிறாள்.

"நீங்க சொன்னா அம்மா நம்பமாட்டா."

இங்கிலீஷில், ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி எழுதுகிறாள்: அலமேலு.