பச்சை லாரியின் முதுகுக் கோடு

என் மனைவி தாட்சாயணி திருப்பதியில் நாற்பது ஆம்பளைகளை ஒரே கேள்வியில் வாயடைக்க வைத்தவள். இதை நான் சொன்னால் ஜம்பம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சித்தூர் - திருப்பதி பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டராக இருக்கிறேன். யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் அடுத்த சீட்டுக்குப் போக எனக்குத் தெரியும்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பிறந்தது நகரியில், விசைத்தறி வீட்டில். இப்போது சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை. டின்னில் கூழை அடைத்து மூடியை அழுத்தியதும், அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பது அவள் பொறுப்பு. மயிரிழை அளவு மேடு தட்டினாலும் அந்த டின்னைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள்.

வீட்டில் அவள் சேர்ப்பது ரோபோ பொம்மைகள். பார்க்க லாரியாக இருக்கும். கதவை விரித்து, முன்பக்கத்தை மடக்கித் திருப்பினால் கையும் காலும் வந்து ரோபோவாக நிற்கும். பெரிய கம்பெனிப் பொம்மைகள் என்று நினைக்க வேண்டாம். எவனோ உபயோகித்துக் கழித்த அச்சை இன்னொருவன் வாங்கி, தலையை மட்டும் மாற்றி, வேறு கலரில் ஊற்றி, வேறு பெயரில் விற்பானே, அந்த ரகம். சிவப்பில் ஊற்றினால் தீயணைப்பு வண்டி, நீலத்தில் ஊற்றினால் போலீஸ், வெள்ளையில் ஊற்றினால் ஆம்புலன்ஸ்.

ஒன்பது வருஷம் முன்னால் எங்கள் மகள் பிரித்திகாவுக்குக் காணிப்பாக்கம் கோயில் கடையில் சிவப்பு லாரி ஒன்று வாங்கினோம். மறுவருஷம் நீல லாரி. பெட்டி வேறு, பெயர் வேறு, முகம் வேறு. தாட்சாயணி இரண்டையும் வாங்கி முதுகைத் தடவினாள்.

"ஏங்க, ரெண்டும் ஒரே அச்சுல ஊத்தனது. இங்க தொட்டுப் பாருங்க."

"பொம்மையத் தொட்டுப் பாக்கறதுக்கா டூட்டி முடிச்சிட்டு வந்தேன்?" என்றேன். அன்றே தொட்டுப் பார்த்திருந்தால் பிற்பாடு அவ்வளவு அவமானப்பட்டிருக்க மாட்டேன்.

மகள் இரண்டு மாதத்தில் பொம்மைகளை மறந்துவிட்டாள். தாய் பிடித்துக்கொண்டாள். ஒரே டிசைன் புடவையைப் பத்துக் கலரில் நெய்து பத்துப் பெயரில் விற்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த வித்தை புதிதில்லை. பத்துப் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஒரே அச்சைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இவளைப் போன்றவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. திருப்பதி பல் டாக்டர் சுரேஷ்பாபு நடத்துகிறார். அந்த லாரி அச்சில் வந்தவை மொத்தம் பதினான்கு வகை என்று அவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் எதிரில், அதை முதலில் கண்டுபிடித்தவரின் பெயர். அந்தப் பட்டியலில் தன் பெயரும் ஏற வேண்டும் என்பதுதான் என் மனைவியின் ஆசை. கல்யாணமான நாளிலிருந்து இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது இது ஒன்றுதான்.

காணிப்பாக்கத்தில் சந்திரம்மா கடையில் அவளுக்கு ஒரு பச்சை லாரி கிடைத்திருந்தது. பட்டியலில் பச்சையே கிடையாது. போன கோடையில் முன்பக்கமாக ஒரு போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள். டாக்டர் தெலுங்கில் பதில் எழுதினார். "இதி காப்பி அம்மா, அசலு காது." அதாவது, அசல் அச்சில் வந்ததில்லை, யாரோ ஒரு பொம்மையைப் பார்த்து நகல் அச்சு எடுத்துச் செய்தது. பட்டியலில் சேர்க்க முடியாது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். ஒருவன், சித்தூர் ஆன்ட்டி வீட்டிலேயே பெயின்ட் அடித்துவிட்டார் என்று எழுதினான்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நம்பரு குடு. போன் போட்டு நாலு வார்த்தை கேக்கறேன்."

"நீங்க ஒண்ணும் கேக்க வாணாம். ஞாயித்துக்கிழமை திருப்பதில கூட்டம் கீது. நேர்ல போயி நானே காட்டிக்கிறேன்."

நானும் சும்மா இருந்திருக்கலாம். வியாழக்கிழமை எனக்கு லீவு. சபையில் வைக்கப்போகிற பொம்மை பளிச்சென்று இருக்கட்டும் என்று பச்சை லாரியை எடுத்துக் கழுவினேன். முதுகில் மெல்லிய கோடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. ஊற்றியவன் செய்த கோளாறு என்று நினைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிட்டேன். அவள் ஷிப்டு முடித்து வந்ததும் பெருமையாக நீட்டினேன்.

அவள் கட்டைவிரல் முதுகில் போய் நின்றது.

"ஏங்க, இங்க ஒரு கோடு இருந்துச்சே?"

"அதத்தான் நான் தேச்சி எடுத்துட்டேனே."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தன்னிடம் இருந்த மற்ற பதினொரு லாரிகளையும் கொண்டுவந்து வரிசையாகக் கவிழ்த்து வைத்து, என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் ஓட்டினாள்.

"அச்சுல ஒரு விரிசல் கீதுங்க. ஊத்தறப்ப பிளாஸ்டிக்கு அதுக்குள்ள பூந்துக்கினு கோடா நிக்குது. வருசம் போகப் போக விரிசல் நீளும், கோடும் நீளும். செவப்புல நாலு மில்லிமீட்டரு, நீலத்துல ஆறு. அப்பால ஒம்போது, அதுக்கு மேல பதிமூணு. பச்சைல பதினொண்ணு இருந்துச்சி. நகல் எடுத்தா, எதப் பாத்து எடுத்தானோ அதோட கோடுதான் விழும். பொம்மையும் ஒரு பொட்டு குள்ளமாப் பூடும். பதினொண்ணு வேற யாருகிட்டயும் கெடையாது. அதான் என் சாட்சி."

அந்தச் சாட்சியைத்தான் நான் உப்புத்தாளால் அழித்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, இத்தனை வருஷமாக இவள் சொன்ன எதையும் காது கொடுத்துக் கேட்கவில்லையே என்று துக்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு கிடைக்காது, ஃபேக்டரியில் சீசன். நான் லீவு சொல்லிவிட்டுக் காணிப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். சந்திரம்மா தேங்காய்த் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பச்ச லாரியா? எப்பவோ வித்துப் பூட்ச்சி. ஒடஞ்சது, விக்காம உக்காந்தது எல்லாம் உள்ள மூட்டைல கீது. வோணும்னா நீயே தேடிக்கோ நைனா."

மூட்டையைக் கொட்டினேன். நூறு பொம்மைக்குக் குறையாது. சக்கரம் போனவை, தலை போனவை, வெயிலில் வெளுத்தவை. பச்சையில் மட்டும் ஐந்து கிடந்தன. முதல் நான்கும் வேறு அச்சு. முதுகு மொழுமொழுவென்று இருந்தது. ஐந்தாவதுக்கு வலது கை இல்லை. முதுகில் விரலை ஓட்டினேன். விரல் தட்டி நின்றது.

"கீது!" என்று நான் போட்ட சத்தத்தில், பிரசாதம் வாங்கிக்கொண்டு போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம், திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில். நாற்பது பேர் இருந்தார்கள். பெண் என்று என் மனைவி ஒருத்திதான். யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே மேஜைக்குப் போய், பதினொரு லாரிகளையும் கோட்டின் நீளப்படி கவிழ்த்து வைத்தாள். ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டாள். அந்த இடத்தில் கையில்லாத பச்சை லாரியை வைத்தாள்.

"அளந்து பாருங்க சார்."

பல் பார்க்கும் லென்ஸை மாட்டிக்கொண்டு டாக்டர் அளந்தார். நாலு, ஆறு, ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஏறிக்கொண்டே போனது. மறுபடியும் அளந்தார். அதே பதினொன்று.

"நகல்னா, இந்தக் கோடு வேற ஒரு பொம்மையோட கோட்டுக்குச் சமமா இருக்கணும். பதினொண்ணு யாருகிட்ட கீது? எடுத்துக் காட்டுங்க."

நாற்பது பேரும் தங்கள் பொம்மைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். பெயின்ட் அடித்த கதை எழுதியவனும் திருப்பிப் பார்த்தான். பதினொன்று ஒருத்தரிடமும் இல்லை. எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது. கழுத்தில் தொங்காத விசிலைக் கை தேடியது.

டாக்டர் நல்ல மனுஷர். ஒப்புக்கொள்கிறேன் அம்மா என்று எல்லார் முன்னாலும் சொல்லி, பட்டியலில் பதினைந்தாவதாக எழுதினார். அதற்குள் மேஜையைச் சுற்றி வரிசை கட்டிவிட்டார்கள். "அம்மா, இதையும் கொஞ்சம் பாருங்க" என்று ஆளாளுக்குப் பொம்மையைக் கவிழ்த்து நீட்டினார்கள். டாக்டரும் வெல்வெட் பெட்டியிலிருந்து தன் வெள்ளை ஆம்புலன்ஸை எடுத்துக் கொடுத்தார். அது பட்டியலில் ஏழாவது வகை. அந்தக் கூட்டத்திலேயே உசத்தியான பொம்மை அதுதான் என்று பேச்சு.

அவள் முதுகைத் தடவினாள். மறுபடி தடவினாள். பதின்மூன்று மில்லி கோடு உள்ள லாரி ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தினாள். கோடு இரண்டிலும் ஒன்றுபோல் இருந்தது. ஆம்புலன்ஸ் மட்டும் ஒரு நெல் அளவு குள்ளம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. காப்பி இதுதான்."

டாக்டர் இரண்டையும் கண்ணுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். ஏழாவது வரியையும் அதற்கு எதிரில் இருந்த தன் பெயரையும் அவரே பேனாவால் அடித்தார். பட்டியலில் மறுபடியும் பதினான்கு வகைதான். கடைசி வரியில் பச்சை லாரி. கண்டுபிடித்தவர் தாட்சாயணி, சித்தூர்.