பனிக்குள் நடந்த இரண்டு மௌனங்கள்

பயத்தில் கற்பனை செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்றைக்குப் பயப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

ஜூன் முதல் வாரம். இரவில் பாடும் கதிர்க்குருவிகளைத் தேடி, நானும் என் கணவர் இல்போவும் மூன்றாவது இரவாகப் பின்லாந்தின் கரேலியா வயல்பாதைகளில் சுற்றிக்கொண்டிருந்தோம். இந்தக் குருவிகளைக் கண்ணால் தேடிப் பயனில்லை. புதருக்குள் ஒளிந்தபடியே பாடும். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காது கொடுக்க வேண்டும்.

ஏரிக்கரைப் புல்வெளியில் நிறுத்தியபோது மணி 1.20. ஆளுயரப் பனிமூட்டம். நாணல் பக்கமிருந்து தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு பாட்டு.

"ஆத்துக் கதிர்க்குருவி! வா தூயிரே, பக்கத்துல போய்க் கேப்போம்," என்றார் இல்போ.

"என் கால் ரெண்டும் செத்துப்போச்சு. நீ போ."

"உனக்குப் பதிலா ஒரு சாக்கு மூட்டையக் கூட்டிட்டு வந்திருக்கலாம்."

"சாக்கு மூட்டை உனக்குக் காபி ஊத்தித் தருமா? போய்ட்டு வா."

சிரித்துக்கொண்டே இறங்கினார். நான் சீட்டில் சாய்ந்தேன்.

காரிலிருந்து ஏரிவரை போகும் ஓடையோரம் புதருக்கு ஒரு குருவி பாடிக்கொண்டிருந்தது. ஆள் நெருங்கினால் அந்தக் குருவி மட்டும் அடங்கும். அவர் கடந்ததும் மறுபடி தொடங்கும். அதனால் ஆள் தெரியாவிட்டாலும், நகர்ந்துபோகும் மௌனத்தை வைத்தே அவர் எங்கே போகிறார் என்று சொல்லிவிடலாம்.

முதல் புதர் அடங்கியது. பிறகு இரண்டாவது. முதலாவது மறுபடி பாடத் தொடங்கியது. இல்போ ஏரிப் பக்கம் போகிறார். கண்ணை மூடினேன்.

முதல் புதர் மீண்டும் அடங்கியது.

கண்ணைத் திறந்தேன்.

இரண்டாவதும்... அடங்கியது.

இன்னொரு ஆள். அவருக்குப் பின்னாலேயே. அதே வேகத்தில்.

கத்தலாமா? கத்தினால் எல்லாக் குருவிகளும் அடங்கிவிடும். பிறகு இருவரும் எங்கே என்றே தெரியாது. அவருடைய போன் பக்கத்து சீட்டில் கிடந்தது.

முன்னால் போன மௌனம் நாணலை எட்டியது.

பின்னால் வந்தது நெருங்கியது...

ஹாரனை அழுத்தினேன்.

எல்லாம் அடங்கியது.

மணி 1.41.

சளக்... சளக்...

இல்போ. முழங்கால்வரை சேறு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ... எப்படி இங்க?"

"நான் காரை விட்டு இறங்கவே இல்லையே."

"மரத்துக்குப் பின்னால ஒதுங்கிட்டு வர்றதுக்குள்ள நீ முன்னால போய்ட்டே. உன் முதுகப் பாத்துக்கிட்டேதான் வந்தேன், தூயிரே. கூப்பிட்டேன். திரும்பாமலே கையை ஆட்டினே... வா வான்னு."

பின்னால் போன மௌனம்தான் என் இல்போ.

முன்னால் போனது?

அவர் ஏறியதும் காரைக் கிளப்பினேன்.

காலையில் பெட்ரோல் பங்க் காபிக் கடையில், அவர் கால் சேற்றைப் பார்த்துக் கடைக்காரம்மா கேட்டாள், "ஏரிக்கரைப் புல்வெளியா? நாணலுக்கு அந்தப் பக்கம் தரையே கிடையாதுங்க. தண்ணி மேல மிதக்கிற பாசி. போன வருஷம் குருவி கேக்க வந்த ஒருத்தர் அதுல போய்ட்டாரு. 'தம்பி முன்னால போறான், பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்'னு சிநேகிதர்கிட்ட போன்ல சொன்னாராம். அதான் கடைசிப் பேச்சு."

"அந்தத் தம்பி பிழைச்சாரா?"

"அவர் இங்க வரவே இல்லையேம்மா. அன்னைக்கு ராத்திரி ஹெல்சிங்கியில வீட்டுல தூங்கிட்டு இருந்தாரு."