சுளையின் நிறம்

சிதம்பரத்தில் பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஆய்வேடுகளை ஸ்கேன் செய்யும் அறையில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். கடலூரிலிருந்து காலை பஸ், இறங்கியதும் ஷேர் ஆட்டோ, பிறகு ஜன்னல் இல்லாத அந்த அறை. படித்தவர்கள் எழுதியதை எல்லாம் ஒருத்தி தொட்டிருக்கிறாள் என்றால் அது நான்தான். படித்தேன் என்று சொல்லவில்லை, தொட்டேன்.

என்னென்னவோ வந்தன. இறால் குட்டையில் வரும் நோய்களைப் பற்றி ஒன்று. கோயிலில் விளக்கெரிக்க ஆடு கொடுத்தவர்களைப் பற்றித் திருவதிகைக்காரர் ஒருவர் கல்வெட்டு கல்வெட்டாகப் படித்து எழுதியது ஒன்று. அறுபதே பக்கத்தில் ஒரு கணித ஆய்வு. அதில் மனுஷன் படிக்கிற மாதிரி நாலு வரி இருந்தால் ஜாஸ்தி. இசைத்துறைப் பெண் ஒருத்தி தானே மெட்டமைத்த பாட்டுகளை ஸ்வரத்தோடு கையால் எழுதிக் கொடுத்திருந்தாள். ஒருவன் நாடகமே எழுதிக் கொடுத்தான். முதல் காட்சியிலேயே பேராசிரியர் ஒருவர் செத்துப்போவார். அவனுக்கு நெறியாளர்மேல் என்ன கோபமோ! எல்லாவற்றிலும் நன்றியுரையை மட்டும் விடாமல் படிப்பேன்.

அந்த வரிசையில்தான் பலா ஆய்வேடு வந்தது. எழுதியவள் அண்ணாகிராமம் பக்கத்துப் பெண், வேளாண் துறை. சுற்று ஊர்களில் வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்து மூன்று பலாமரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் பழத்தையும் அறுத்த கையோடு சுளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்டர் கலரில் வரைந்திருந்தாள். கேமராவில் எடுத்தால் எல்லா மஞ்சளும் ஒரே மஞ்சளாகிவிடுகிறது என்று முன்னுரையில் காரணம் சொல்லியிருந்தாள். உயரம், எடை, கொட்டையின் எண்ணிக்கை எல்லாம் எழுத்தில் இருந்தன. நிறம் என்ற இடத்தில் மட்டும் நாற்பத்து மூன்று முறையும் ‘படம் காண்க’ என்றே இருந்தது.

ஐந்து பிரதி கொடுக்க வேண்டும். ஐந்து தடவை யார் வரைவார்கள்? வரைந்த பிரதி நூலகத்துக்கு, மற்றவை கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அவள் கையில் வைத்துக்கொண்டதும் ஜெராக்ஸ்தான்.

“உங்ககிட்ட இருந்தா பத்திரம்க்கா. எங்க வீடு ஓட்டு வீடு, மழைன்னா ஒழுவும்” என்று சொல்லி இரண்டு கையாலும் கொடுத்தாள்.

வண்ணப் பக்கங்களைத் தனியே வண்ணத்தில் எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே அதை வைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, அமைப்பை மாற்றி, மறுபடி பழையபடி வைக்க வேண்டும். மாதக் கடைசி. என் அறையில் வேலை தேங்குவதே இல்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. நாற்பத்து மூன்று படங்களையும் கறுப்பு வெள்ளையிலேயே தள்ளிவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறியது. நனைந்த பிரதிகளில் ஸ்கேன் ஆனவற்றைக் கழித்துவிடலாம் என்றார்கள். பட்டியலில் பலா ஆய்வேடு உட்பட ஒவ்வொரு தலைப்புக்கும் எதிராக ‘ஆயிற்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

போன ஆனி மாதம் அவள் வந்தாள். கன்னத்து எலும்பு தெரிய இளைத்திருந்தாள். கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்ததும் அறை முழுக்கப் பலாவாசனை. உள்ளே ஐந்து சுளைகள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் வைத்திருந்தாள்.

“நாலு வருசம் முன்ன அடிச்ச புயல்ல பெரிய மரமெல்லாம் போயிடுச்சிக்கா. நாப்பத்து மூணும் போச்சி. நான் முன்னாடியே ஒவ்வொண்ணுலயும் குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி மாமா நெலத்துல வெச்சிருந்தேன். கன்னு தப்பிச்சிடுச்சி, பேர் எழுதிக் கட்டியிருந்த தகடுதான் பிச்சிக்கிட்டுப் போயிடுச்சி. எது யார் வீட்டு மரம்னே தெரியல. இந்த வருசந்தான் மொதல்ல அஞ்சு கன்னு காய்ச்சிருக்கு.”

“அதுக்கு?”

“சின்ன மரத்துல எடையும் கொட்டையும் மாறும், நெறம் மாறாது. படத்தோட வெச்சிப் பாத்தா தெரிஞ்சிடும்க்கா. அவங்கவங்க மரத்த அவங்ககிட்டயே குடுக்கறேன்னு சொல்லிட்டேன். ஒரு அம்மா, செத்துப்போன வீட்டுக்காரர் வெச்ச மரமாம், எப்பம்மா தருவன்னு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க.”

பிரதி இல்லை என்று சொன்னேன். ஸ்கேன் இருக்குமே என்றாள். இருக்கிறது என்று திரையில் திறந்தேன். முதல் சுளை சாம்பல். இரண்டாவது சுளை சாம்பல். அவள் என் கையிலிருந்து மவுஸை வாங்கிக் கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள்.

“கலர்ல எடுக்கறதுக்குத் தனி மெஷினாக்கா?”

“இதே மெஷின்தாம்மா. ஒரு பட்டன்.”

“ஒரு பட்டனா?” என்றாள். குரல் உடைந்துவிட்டது. “மூணு வருசம் வரைஞ்சேன்க்கா. ஒரு பட்டன் தட்ட முடியலியா உங்களால?”

அந்த வெட்கம் இப்போதும் அப்படியே இருக்கிறது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஞாபகத்திலிருந்து சொல்கிறேன், எழுதுங்கள் என்றாள். பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் எழுதினேன். ஒன்று, பசுநெய். இரண்டு, அரைத்த சந்தனம். மூன்று, பழுத்த பாக்கு. பதினொன்று வரை கடகடவென்று சொன்னாள். பன்னிரண்டில் யோசித்தாள். பதினைந்தில் மறுபடியும் ‘அரைத்த சந்தனம்’ என்றாள். நான் நிமிரவில்லை, எழுதினேன். எனக்கு எப்படியாவது அந்த நாற்பத்து மூன்றும் நிரம்பினால் போதும் என்றிருந்தது. பத்தொன்பதில் அவளே நிறுத்தினாள்.

“வேணாம்க்கா. இப்ப அடிச்சிவிடறேன் நான். எல்லாத்தையும் அழிச்சிடுங்க.”

“தெரிஞ்சத மட்டும் வெச்சிக்கலாமேம்மா?”

“எது தெரிஞ்சது, எது அடிச்சிவிட்டதுன்னு எனக்கே இப்ப தெரியல. ஒருத்தர் மரத்த இன்னொருத்தர் வீட்டுல வெச்சிட்டா? அந்த அம்மாவுக்கு எதையோ குடுத்து இதான் உங்க மரம்னு என்னால சொல்ல முடியாதுக்கா.”

ரப்பரை எடுத்து அவளே அழித்தாள். ஒவ்வொரு வரியாக, தாள் கிழியாமல், பொறுமையாக. பிறகு டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளினாள்.

“சாப்புடுங்க. திருப்பி எடுத்துட்டுப் போயி என்ன பண்ணப் போறேன்?”

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதால் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நல்ல இனிப்பு. எந்த வீட்டு மரம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.