சாம்பிராணியின் மேல் போட்ட பழி

நான் எதையும் தேதி போட்டு எழுதி வைப்பவன். மழை பெய்த நாள், மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்றிய நாள், எல்லாம் நோட்டில் இருக்கும். பத்து பெரண்டாம் என்ற ஊரில் எங்கள் வீட்டு முன்னறைக்கு மீன்தொட்டி வந்ததும் அதற்கென்று தனி நோட்டுப் போட்டேன். ஒரு திங்கட்கிழமை பன்னிரண்டு நியோன் மீன்களை விட்டேன். அந்தச் சனிக்கிழமை இரண்டு செத்து மிதந்தன. அடுத்த சனிக்கிழமை மூன்று.

எனக்குக் கிழமையே போதுமாக இருந்தது. சனிக்கு முதல் நாள் வெள்ளி. வெள்ளி மாலை என் மனைவி முன்னறையில் சாமி படங்களுக்கு விளக்கேற்றி, சாம்பிராணிப் புகையை வீடு முழுக்கக் காட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அது தவறியதில்லை. தொட்டியின் மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. புகையும் சேர்ந்துதானே போகும்? ‘காரணம்: சாம்பிராணி’ என்று எழுதி அடிக்கோடு போட்டு, அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சாமிக்குப் போடுற புகையில மீன் சாவுமா?”

“தேதியப் பாரு. ரெண்டு வாரமும் நீ புகை போட்ட மறுநாள்.”

“கொசு மருந்து லாரி வந்து புகை அடிச்சும் இந்த வீட்டுல ஒரு கொசு சாகல. என் சாம்பிராணிக்கு மீன் சாவுதாம்!”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “அஞ்சு உயிர்” என்றேன் நான். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அடுத்த வெள்ளி விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு, புகையைப் பின்வாசலில் நின்று காட்டினாள். மறுநாள் மேலும் இரண்டு செத்தன. அதற்கும் ‘பழைய புகை’ என்று எழுதினேன்.

பிறகு அவள் புலாவ் செபாங்கில் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினாள். வீட்டில் புகையே இல்லை. சனிக்கிழமை ஒன்று செத்தது.

மீன் வாங்கிய கடைக்குப் போனேன். கடையை நடத்தும் பெண் கேட்டாள்:

“அங்கிள், பில்டர் ஸ்பாஞ்ச எப்ப கழுவுனீங்க?”

“வியாழக்கிழமை தவறாம. வெள்ளிக்காக வீடு கழுவுவோம்ல, அதோட சேர்த்து. பைப்புல பிடிச்சு, தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்.” பெருமையாகவே சொன்னேன்.

“ஐயோ, நல்லா சுத்தம் பண்ணீங்க லா! ஸ்பாஞ்சுல ஒட்டியிருக்குற அந்தப் பழுப்புலதான் மீன் கழிவத் தின்னுற நல்ல கிருமி இருக்கு. புதுத் தொட்டியில அது வளரவே ஒரு மாசம் ஆகும். பைப் தண்ணி குளோரின வச்சு வாரா வாரம் கொன்னுருக்கீங்க. தொட்டித் தண்ணியிலயே லேசா அலசணும்.”

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு வியாழனிலும் என் கையெழுத்தில் ‘ஸ்பாஞ்சு கழுவினேன்’ என்று இருந்தது. காரணம் தேடியபோது வெள்ளி மட்டும்தான் கண்ணில் பட்டது. வெள்ளி என் வேலையல்ல.

மனைவி திரும்பி வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நடுவில் ஒரு வெள்ளி வந்தது. அவள் பின்வாசலில் தூபக்காலோடு நின்றாள்; நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கும் நாலு நாள் கழித்துத்தான் நோட்டை அவள் முன்னால் வைத்தேன்.

“அப்ப நான் கொல்லலையா?”

“இல்ல. நான்தான்.”

“அத எழுதிட்டீங்களா?”

அவள் பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். பழைய வரியை அடிக்கவில்லை. அடிக்கோடும் அப்படியே இருக்கிறது.

அந்த வெள்ளி தூபக்காலோடு முன்னறைக்கு வந்தாள். அதைத் தரையில் வைத்துவிட்டு, மோட்டாரை நிறுத்தி, ஒரு துண்டை எடுத்துத் தொட்டியை மூடினாள்.

“வேணாம். மீன் செத்ததுக்கும் சாம்பிராணிக்கும் சம்பந்தமில்லன்னுதான் சொன்னேனே.”

“இருக்கட்டும் லா. நாலுதான் மிச்சம்.”

அந்த நாலும் இன்னும் நீந்துகின்றன. வெள்ளிதோறும் அவள் துண்டை விரிக்கிறாள். எடுக்கச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்.