மச்சான் மெடில்லாவை அடிக்கவில்லை

இன்று காலை, லயத்து வீடுகளுக்குப் பின்னால் லீக்ஸ் நடப் போன இடத்தில் ஒரு பாம்பு!

பல்கலைக்கழக லீவு. அக்கரப்பத்தனையில் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு, பெரட்டு இல்லை; யாரும் தேயிலை மலைக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லை. மச்சான் மம்பட்டியால் மண்ணைப் புரட்டினார். ஈர மண்ணோடு அதுவும் புரண்டது.

ஒரு சாண் நீளம். கரும்பழுப்பு. வயிறு மட்டும் வெளிறிய மஞ்சள். மழையில் நனைந்த சப்பாத்துக் கயிறு போல.

மச்சான் துள்ளிப் பின்வாங்கினார். (காலில் அட்டை ஏறினால் குனிந்துகூடப் பார்க்காதவர்!)

நான் குனிந்து எடுத்தேன்.

சீறவில்லை. கடிக்கவில்லை. விரல்களுக்கிடையே தலையை நுழைத்து மண்ணைத் தேடியது. பிறகு விரலைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது. குளிர்ந்த, சின்ன மோதிரம்.

“இது மெடில்லா, மச்சான். விஷமில்ல. மண்புழுதான் தின்னும்.”

“பாம்புக்கு வக்கீலு வந்துட்டாருய்யா! கீழ போடுங்க மாப்ளே.”

“இந்தத் தீவுல மட்டும்தான் இருக்கு.”

(எங்கள் தாத்தாக்களைப் போல பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. கொடுத்துவைத்தது!)

“ஒரு போடு போட்டா இந்தத் தீவுலயும் இருக்காது.”

அது விரலிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. மம்பட்டி உயர்ந்தது.

“அடிக்காதீங்க!”

அக்கா. இடுப்பில் தண்ணீர்க் குடம்.

“உனக்கு எப்ப இருந்து புள்ள பாம்பு மேல இம்புட்டுப் பாசம்?”

“அடிக்காதீங்கன்னா அடிக்காதீங்க.”

“ஏன்னு கேக்குறேன்ல?”

அக்கா குடத்தைப் பார்த்தாள்.

மனைவி முழுகாமல் இருக்கும்போது புருஷன் பாம்பை அடிக்கமாட்டான், எங்கள் பக்கத்தில். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

போன வருடம் ஒன்று தங்கவில்லை. அதிலிருந்து அக்கா எதையும் முந்திச் சொல்வதில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம்.

மம்பட்டி மெல்ல இறங்கியது.

“ஏ புள்ள...”

“ம்.”

அவ்வளவுதான் பேசினார்கள். மச்சான் போய்க் குடத்தை வாங்கிக்கொண்டார். தண்ணீர் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை.

மெடில்லா அதற்குள் தலையை மண்ணில் புதைத்திருந்தது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே. பிறகு அதுவும் இல்லை.

(அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “இனிமே சொல்லலாம் தம்பி” என்றாள்.)

மத்தியானம் மச்சான் மறுபடி தோட்டத்தில். மம்பட்டியைக் காணோம். கையால் மண்ணைக் கிளறுகிறார். மண்புழு ஒன்று வந்தது. இரண்டு விரலால் தூக்கி வேலியோரம் விட்டார்.

“அது மெடில்லாவோட சாப்பாடு மச்சான்!”

“அது அதுங்க பாடு மாப்ளே. நான் எதையும் வெட்டமாட்டேன்.”